புதுப் பாடத்தை யார் தொடங்குவது?

என் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்து, என் வாய்க்கு ஈடுகொடுத்த ஒரே ஆளான சுமதிக்கு,

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், பாசத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உன் இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு என்னைத்தான் மாற்று ஆசிரியராகப் போட்டிருக்கிறார்கள். ஆமாம், உன் வகுப்புக்கு, என்னை. ஈப்போ முழுக்கத் தேடியும் வேறு ஆளே கிடைக்கவில்லையாம்.

என் பிழைப்பு உனக்குத் தெரியாததா? காலையில் பல் துலக்கும்போது போன் வரும். யாரோ ஒரு டீச்சருக்குப் பிரசவம், இன்னொருவருக்குப் பயிற்சி. குனோங் ராபாட் வீட்டிலிருந்து அந்த ஓட்டைக் காரை முடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். போனால் என் பெயரை யாரும் கேட்க மாட்டார்கள். 'ரிலீஃப் வந்தாச்சு' என்பார்கள், ஏதோ அடுப்புக்கு கேஸ் தோங் வந்து இறங்கிய மாதிரி. ஆசிரியர் அறையில் எனக்கென்று ஒரு கோப்பைகூடக் கிடையாது. பிள்ளைகளுக்கோ ரிலீஃப் வந்தால் பாதி விடுமுறை. படம் வரையலாம், மேசையில் தலைவைத்துத் தூங்கலாம், ஆளுக்கொரு தடவை கழிப்பறைக்குப் போய் வரலாம்.

அதிலும் உன் வகுப்பு படுமோசம். காரணம் நீதான்! 'நான் இல்லாதப்ப யாரும் புதுப் பாடம் ஆரம்பிக்கக் கூடாது, நானே வந்து ஆரம்பிப்பேன்' என்று சட்டம் போட்டுவைத்தவள் நீ. பயிற்சிக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் புந்தோங் கடையில் கச்சாங் பூத்தே கடலை வாங்கி வருவாய். ஆளுக்கொரு பொட்டலம். அவர்கள் கடலையைக் கொறித்து முடித்த பிறகுதான் புதுப் பாடத்தைத் திறப்பாய்.

இதை நீ வீட்டில் சொன்ன அன்று நான் சண்டை பிடித்தேன், நினைவிருக்கிறதா? 'ஏன், எங்கள மாதிரி ரிலீஃப் ஆளுங்க ஆரம்பிச்சா எழுத்து அழிஞ்சிடுமா?' என்றேன். 'அழியாதுக்கா, கோணலாயிடும்லா' என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்கு நான் இன்னும் பதில் கொடுக்கவில்லை.

அதற்குள் பள்ளி விடுமுறையில் டிங்கிக் காய்ச்சல் வந்து நீ போய்விட்டாய். இரண்டு நாளில் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று உனக்குக் கஞ்சி வைக்க அரிசிகூட வறுத்து வைத்திருந்தேன்.

பள்ளி திறந்தபோது பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை. ஈப்போவில் நடந்த சாவு, சுங்கை சிப்புட் செம்பனைக் காட்டுக்குள் இருக்கிற உன் பள்ளிக்கு வேன் ஏறி வருகிற பிள்ளைகளின் காதுக்கு எட்டவில்லை. விஷயம் தெரிந்த பெற்றோரும் வாயை மூடிக்கொண்டார்கள். தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'சின்னப் புள்ளைங்க டீச்சர், கொஞ்ச நாள் போகட்டும். லீவுன்னே சொல்லிவைங்க' என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். வகுப்புக்குள் போக வேண்டியவள் நான்.

புத்தகத்தைத் திறக்கச் சொன்னால் வகுப்புத் தலைவி தர்ஷினி எழுந்து நிற்பாள். 'பழைய பாடம் படிக்கிறோம் டீச்சர். புதுசு சுமதி டீச்சர் வந்துதான்.' மற்றதெல்லாம் தலையை ஆட்டும். மிரட்டினேன், கெஞ்சினேன், ஒன்றும் நடக்கவில்லை. ரிலீஃப் வந்தால் டீச்சர் திரும்பி வருவார் என்பதுதான் அவர்கள் கண்ட நடைமுறை. நான் வகுப்பில் நிற்க நிற்க, நீ வந்துகொண்டே இருக்கிறாய் என்று அவர்களுக்கு அர்த்தம். பழைய பாடத்தைப் புத்தகத்தைப் பார்க்காமலே ஒப்பிக்கிறார்கள். அடுத்த பக்கத்தைக் காட்டினால் ஒரு வரி வாசிக்க வராது. இப்படியே மூன்றாம் ஆண்டுக்குப் போனால் யார் அவதிப்படுவது? நீயா, நானா?

என் மேலும் எனக்கு எரிச்சல்தான். உன் நாற்காலியில் நான் உட்காரவே இல்லை. கடைசி வரிசையில், பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரிலீஃப் ஆளுக்கு இதுதான் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் உன் புருஷன் கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போகிறான். 'இஸ்திரி போடத் தெரியாதாடா?' என்று ஏசினால் வாசலையே பார்க்கிறான். நானும் அவனும் உன் வகுப்புப் பிள்ளைகளும் ஒரே ஆளுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தோமோ?

போன வாரம் தலைமையாசிரியர் சொன்னார்: 'இந்த வருஷம் நிரந்தர ஆசிரியர் கெடைக்காது போல. நீங்களே பாத்துக்குங்க. ஆனா வாசிப்பு ரொம்பப் பின்தங்கிப்போச்சு டீச்சர்.' பொய் சொல்லச் சொன்னவரே குறையும் சொல்கிறார்! கொதித்துப்போய் நேரே வகுப்புக்குப் போனேன்.

"புதுப் பாடம். தெறங்க."

"வேணாம் டீச்சர், சுமதி டீச்சர் ஏசுவாங்க" என்றாள் தர்ஷினி.

"ஏச மாட்டா. அவ இனி வர மாட்டா!"

கத்தியே விட்டேன். தர்ஷினிதான் கேட்டாள்: "அப்ப நீங்க ரிலீஃப் இல்லையா டீச்சர்?"

இத்தனை வருடத்தில், இத்தனை பள்ளிகளில், யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. உன் நாற்காலியை இழுத்து அவர்கள் நடுவில் போட்டு உட்கார்ந்தேன். உனக்குக் காய்ச்சல் வந்தது, மருத்துவமனையில் சேர்த்தது, நீ செத்துப்போனது, நீ என் தம்பி பெண்டாட்டி என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். சிலர் அழுதார்கள். சிலர் அழுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அழுதேன். அன்றைக்குப் பாடம் எங்கே நடந்தது?

பள்ளி விட்டதும் ஓர் அம்மா போன் போட்டு, 'யாரக் கேட்டு சொன்னீங்க?' என்று ஏசினார். தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்க்காமல் தாண்டிப் போனார். போகட்டும். நான் வீட்டுக்குப் போகாமல் காரைப் புந்தோங்குக்கு விட்டேன்.

மறுநாள் காலையில் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தேன். தர்ஷினி பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வாங்க மாட்டாளோ என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டாள். அவர்கள் கொறித்து முடிக்கும்வரை நான் புத்தகத்தைத் தொடவில்லை. உப்புக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே அவள் புத்தகத்தை எடுத்து அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். பிறகு மற்றவர்களும் திருப்பினார்கள்.

இனி எந்தப் பள்ளி போன் போட்டாலும், இந்தப் பிள்ளைகள் இந்தப் புத்தகத்தை முடிக்கும்வரை நான் போக மாட்டேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு. எழுத்து கோணலாகாமல் பார்த்துக்கொள்கிறேன். உன் சட்டத்தை மீறியதற்கு ஏசுவதென்றால் பிள்ளைகளை விட்டுவிடு, என்னை ஏசு. ஒரே ஒரு தடவை வந்து ஏசிவிட்டுப் போயேன்.

உன்னோடு போட்ட சண்டை இன்னும் தீராத நாத்தனார்,
ராஜேஸ்வரி