இடக்கை வில்

அக்கா,

மழை விட்டு இரண்டு நாளாக வெயில் காய்கிறது. வெயிலைக் கண்டால் இந்த மலையில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பரணில் கிடந்ததையெல்லாம் இறக்கி வாசலில் பரப்பினேன். கம்பளி, பாப்பாவின் தொட்டில் சேலை, பூஞ்சை பூத்த என் கல்லூரிப் பை. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த நீளப் பை. ஜிப்பை இழுத்ததும் தேன்மெழுகு வாசனை முகத்தில் அடித்தது. நாணுக்குப் பூசுகிற மெழுகு இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது என்று, சந்தையில் தேன் விற்கிறவரிடம் அடையாகவே வாங்கி, நீங்கள் உருக்கி, பழைய தைல டப்பாவில் ஊற்றி வைத்தது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. மெழுகு அப்படியே இருக்கிறது.

பாப்பா தூங்கிவிட்டாள். அதற்குள் இதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

நாம் பழகியதே ஒரு தப்பினால்தான், நினைவிருக்கிறதா? பாப்பாவுக்குத் தடுப்பூசி போட ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன். என் வீட்டுக்காரர் வேலை மாற்றலாகி மலைக்கு வந்த புதிது. எனக்கு இங்கே ஒரு முகமும் தெரியாது. குழந்தையை வலது கையில் இறுக்கிக்கொண்டு இடது கையால் கையெழுத்துப் போட்டேன். ஊசியை அப்படியே வைத்துவிட்டு நீங்கள் கேட்டீர்கள்: "ஏங் கண்ணு, நீ நொட்டாங்கையா?"

சின்ன வயதிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு முகம் சுருங்கும். "ஆமாங்க" என்றேன்.

"அப்பாடா! சாயங்காலம் ஊட்டுக்கு வா. உனக்கு ஒண்ணு வெச்சிருக்கறேன்."

அம்பு விடப் பழகும் ஆசையில், வில்லை இடது கையில்தானே பிடிக்கிறோம் என்று, போனில் பார்த்து இடக்கை வில்லாகவே வாங்கிவிட்டீர்கள். நாணை இழுக்கிற கையைப் பார்த்துத்தான் அந்தப் பெயர் என்பது பெட்டியைப் பிரித்த பிறகுதான் உங்களுக்குத் தெரிந்தது. திருப்பி அனுப்பலாமென்றால் அதற்கு இந்த ஊருக்கு ஆள் வரமாட்டார்களாம். "கொண்டாந்து போடறதுக்கு மட்டும் அவனுக்கு மலை தெரியுது!" என்று சிரித்தீர்கள். மூன்று மாதமாக அதைச் சுவரில் மாட்டி வைத்து, நொட்டாங்கைக்காரர் யாராவது ஊசி போட வருவார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தீர்களாம்.

எனக்கு அப்போது வில்லைப் பிடிக்கிற நிலைமையா? பிள்ளையைத் தூக்கவே பயம். தூக்கினால் கை விட்டுவிடுமோ, கிடத்தினால் மூச்சு நின்றுவிடுமோ. தூங்குகிற குழந்தையின் மூக்கில் விரல் வைத்து வைத்து எழுப்பிவிடுவேன். உடம்பில் ஒரு புள்ளி தெரிந்தால் போதும், போனில் தேட ஆரம்பித்து, கடைசியில் பெரிய வியாதி ஒன்றில் போய் நிற்பேன். இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது "எல்லாருந்தான் புள்ள பெத்தோம்" என்றாள். உங்களிடம் சொன்னபோது நீங்கள் என் இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தீர்கள்.

"நடுங்குதா? நடுங்கட்டும். சும்மா நடுங்கறதுக்கு அதுக்கு ஒரு வேலையக் குடுப்போம்."

அப்படித்தான் உங்கள் குவார்ட்டர்ஸின் பின்கட்டில் குச்சிக்கிழங்கு மூட்டை எனக்கு முதல் எடையானது. முதுகை வளைக்காமல், காலை ஊன்றித் தரையிலிருந்து தூக்கி நிமிர வேண்டும். அதே நிதானத்தில் இறக்கி வைக்க வேண்டும். முதலில் கால் மூட்டை. தூக்கித் தூக்கி அது அரை மூட்டையானது. பிறகு நீங்கள் சேலத்திலிருந்து இரும்பு எடைகளைக் கட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்தீர்கள். கண்டக்டர் பையை நகர்த்திப் பார்த்து, "ஏனுங்க சிஸ்டர், ஊசி மருந்துன்னுதான நெனச்சேன். இத வெச்சுக்கிட்டு வளைவுல பஸ்ஸு திரும்பாதுங்க" என்றாராம். "இறங்கித் தள்ளறேன், நீங்க விசில் ஊதுங்க" என்றீர்களாம். அந்தக் கதையை நீங்கள் எத்தனை முறை சொன்னாலும் நான் சிரிப்பேன்.

பிறகு உங்களுக்கும் சரியான கைக்கு ஒரு வில் வந்தது. குறி வைக்கப் பலகை வாங்கக் காசை வீணாக்க வேண்டாமென்று சாமை வைக்கோலை இறுக்கிக் கட்டி மண்மேட்டுக்கு முன்னால் நிறுத்தினோம். மணி சரியாக உதிராத வைக்கோல் அது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் நடுவில் பெரிய பள்ளம். பக்கத்துக் காட்டு அண்ணனின் மாடு நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. அவர் வந்து பார்த்துவிட்டு, "நீங்க குறின்னு கட்டுனீங்க, அது தீனின்னு திங்குது. நேத்துப் பூரா நீங்க விட்டதுல நடுவுல பட்டது எம்மாடு ஒண்ணுதான் போங்க!" என்றார். நீங்கள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்.

இரண்டு பேருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. போனில் பார்ப்போம், சிக்னல் போனால் நாமாகவே ஒன்றைச் செய்வோம். எனக்கு ஒரு கெட்ட பழக்கம்: நாண் தாடைக்கு வருவதற்குள் விரல் விட்டுவிடும். பயத்தில் விடுகிற கை. அதற்கு நீங்களாகவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தீர்கள். "இழுத்துட்டோம்னு விட்டே ஆகோணும்னு யாரு சொன்னா? மெல்ல இறக்கு கண்ணு. அம்பு எங்கயும் ஓடிப்போயிராது." அன்று சாயங்காலம் முழுக்க ஒரு அம்பும் விடாமல் இழுத்து இழுத்து இறக்கினேன். விடுவதைவிட இறக்குவதற்குத்தான் அதிக பலம் வேண்டியிருந்தது. அந்த இரவு பாப்பாவின் மூக்கில் விரல் வைக்காமல் தூங்கினேன்.

லீவுக்கு உங்கள் ஊர் காளப்பநாயக்கன்பட்டிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. தலை வலிக்கிறது என்று படுத்தீர்களாம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. பிறந்ததிலிருந்தே அந்த இடம் பலவீனமாக இருந்திருக்கும், யாரும் எதுவும் செய்து வந்ததல்ல என்று டாக்டர் சொன்னதாக உங்கள் தம்பி என்னிடம் தெளிவாகவே சொன்னார். ஆனால் சாவு வீட்டில் என் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்: "பொம்பளப்புள்ள இரும்பத் தூக்குனா தல என்னத்துக்காகும்?" டாக்டர் சொன்னது காதோடு நின்றது. இது உள்ளே போய்விட்டது.

அம்மாவும் வந்து, "அந்தக் கருமத்தையெல்லாம் கட்டி மேல போடு. புள்ளைய வெச்சிருக்கறவ நீ" என்றாள். போட்டேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாப்பாவுக்கு யார்? ஒரு வருடமாகத் தண்ணீர்க் குடத்தைக்கூட அரைக்குடமாகத்தான் தூக்குகிறேன். லேசாகத் தலை வலித்தால் பாப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

இன்று மத்தியானம் பையிலிருந்து வில்லை எடுத்தபோது பாப்பா ஓடி வந்தாள்.

"அம்மா, அதத் தொடாத!"

"ஏங் கண்ணு?"

"அம்மாயி சொல்லுச்சு. பெரிம்மா அதத் தொட்டுத்தான் தல வலிச்சு சாமிகிட்டப் போயிட்டாங்களாம். நீயும் போயிருவ."

என் சேலையைப் பிடித்த அந்தச் சின்னக் கை நடுங்கியது, அக்கா. உங்களுக்குத் தெரிந்த நடுக்கம்தான். என் மூக்கையும் கண்ணையும் வாங்கிக்கொண்டவள், கேட்காமலே இதையும் வாங்கிக்கொண்டாள்.

அவளை எனக்குப் பின்னால் படியில் உட்காரவைத்தேன். வில்லைப் பூட்டி, நாணுக்கு உங்கள் மெழுகைப் பூசினேன். வாசலுக்கு எதிரே உள்ள மண்மேட்டைப் பார்த்து நின்று இழுத்தேன். பாதியிலேயே தோள் கெஞ்சியது. காதுக்குள் ரத்தம் துடிப்பது கேட்டது. வெடிக்கப்போகிறது என்று மனது அடித்துச் சொன்னது. மெல்ல இறக்கினேன்.

"தல வலிக்குதா?"

"இல்ல சாமி."

"ஏன் அம்பு போகல?"

"அம்மாவுக்குப் பயமா இருந்துச்சு. அதான் இறக்கிட்டேன். மறுபடி இழுக்கறேன், பாரு."

பயம் என்ற சொல்லை அவளிடம் நான் சொன்னது இதுதான் முதல் முறை. இரண்டாவது தடவை நாண் தாடையைத் தொட்டது. விட்டேன். அம்பு மண்மேட்டில் எங்கோ ஓரத்தில் போய்ச் செருகிக்கொண்டது. மாடு நின்றிருந்தால்கூடப் பட்டிருக்காது. நாண் என் வலது முன்கையில் சுளீரென்று அடித்தது. கத்திவிட்டேன்.

பாப்பா பாய்ந்து வந்தாள். "தலயா? தலயாம்மா?"

"கை. கை மட்டுந்தாங் கண்ணு. பாரு."

அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் தலையையும் குனியச்சொல்லி, முடியை விலக்கிச் சோதித்தாள். எல்லாம் சரியாக இருந்தது போல. கையில் ஊதிவிட்டு, "இன்னொண்ணு உடு" என்றாள்.

சாயங்காலம் அவர் ஆபீஸிலிருந்து வந்து, "என்னது கையில, இப்படிக் கன்னிப்போயிருக்கு?" என்று கேட்டார். நாண் பட்டது என்றேன். டாக்டரிடம் போகலாமா என்று நான் கேட்கப்போகிறேன் என்று சற்று நேரம் காத்திருந்துவிட்டு உள்ளே போனார். இதை எழுதுகிற கைக்குப் பக்கத்தில்தான் அந்தக் கை இருக்கிறது. மணிக்கட்டுக்கு மேலே நீளமாக நீலம் பாய்ந்திருக்கிறது. தொட்டால் வலிக்கிறது. போன் பக்கத்திலேயே இருக்கிறது, அக்கா. எடுத்து எதையும் தேடவில்லை. முழங்கையைச் சரியாகத் திருப்பாமல் இழுத்திருக்கிறேன், அவ்வளவுதான். நாளைக்குத் திருப்பி வைத்து இழுக்க வேண்டும்.