கானுக்குள் ஒரு சல்யூட்

பெப்ரவரி 6, வெள்ளி

குளிர். குழாயைத் திறக்கவே துணிச்சல் வேண்டும்.

மன்னித்துக்கொள், கொப்பியே. இராணுவப் பயிற்சி முகாமுக்கு வந்த வாரம் வாங்கிய உன்னை, பயிற்சி முடியப்போகிற நேரத்தில்தான் தொடுகிறேன். என் கதையை எழுதி என்ன ஆகப்போகிறது என்ற கூச்சம்தான்.

வரும் 14, சனி, நிறைவு அணிவகுப்பு. பிறகு எங்கே அனுப்புவார்களோ. மறக்கக் கூடாதவை: பருப்பில் விறகுப் புகை வாசம். முகாம் வேலிக்கு அப்பால் தேயிலை. மொனராகலையில் ரப்பர் மரங்களுக்குள் வளர்ந்த எனக்கு, யாரோ மலைக்குத் தலை வாரிவிட்ட மாதிரி. முதல் குளிரில் ந. கழற்றித் தந்த காலுறை.

ந. என்றால் நதீஷா. பக்கத்துக் கட்டில். பசறைச் சிங்களப் பிள்ளை. தோட்டத்து லயன் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள், தமிழில் என்னைவிட வாய் நீளம்.

பெப்ரவரி 8, ஞாயிறு

மழை. எல்லோரும் உள்ளே, சப்பாத்துக்கு பொலிஷ். ந. மறுபடி அந்தக் கதையை எடுத்தாள்.

வந்த புதிது. முகாம் வீதியில் எங்கள் பயிற்சி அதிகாரி மேடத்தின் ஜீப். நின்று சல்யூட் அடிக்க வேண்டும். நானோ வீதியோரம் மழைத்தண்ணீர் ஓடும் கானில் இறங்கி, தலையைக் குனிந்து நின்றேன். எங்கள் தோட்டத்தில் துரையின் ஜீப் வந்தால் அம்மா, நான், எல்லோரும் அப்படித்தான். யாரும் சொல்லித் தந்ததில்லை. கால் தானாக இறங்கும். பட்டம் வாங்கிய பிறகும் இறங்கியது.

ஜீப் நின்றது. ஏதாவது விழுந்துவிட்டதா என்று மேடம் சிங்களத்தில் கேட்டார். “இல்லை மேடம்.” கானுக்குள் நின்றபடியே சல்யூட். சிரிப்பை அடக்கியதில் மேடத்தின் உதடு துடித்தது.

“தவளைக்கு யூனிஃபோம் போட்ட மாதிரி இருந்துச்சுடி!” என்றாள் ந. இன்றும்.

தண்டனை, மைதானத்தைச் சுற்றி ஓட்டம். சிரித்ததற்காக ந.வும் ஓடினாள். அப்புறம் கொஞ்ச நாள், ஜீப் சத்தம் கேட்டாலே என் பெல்ட்டைப் பிடித்துக்கொள்வாள். இப்போது பிடிப்பதில்லை.

பெப்ரவரி 10, செவ்வாய்

வெயில். கம்பளி காயப்போட்டேன். அணிவகுப்புக்கு வரச்சொல்லி அம்மாவுக்கு போன்.

“நான் எதுக்கு புள்ள அங்க? தம்பிய அனுப்புறேன்.”

“தம்பியும் வரட்டும். நீயும் வாம்மா.”

“பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க. நான் எங்க போயி நிக்கிறது?”

“குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்க” என்று மட்டும் சொன்னேன்.

ந. போனைப் பிடுங்கினாள். “அம்மா, நீங்க வரலன்னா ஒங்க மகள கான்ல தள்ளிருவேன்!”

“யாரு புள்ள அது? நம்ம பக்கமா?”

“சிங்களப் பிள்ளைம்மா.”

“அடியாத்தி! என்னா அழகா வெரட்டுறா!”

வருகிறேன் என்று மட்டும் அம்மா சொல்லவில்லை.

பெப்ரவரி 12, வியாழன்

மூட்டம். கடைசி ஒத்திகை. கால் வலி, ந.வுக்குத் தும்மல். விருந்தினர் நடந்து வருவதும் அதே வீதி. அதே கான். அம்மா வந்தால், நல்ல சேலையோடு, ஜீப் சத்தம் கேட்டதும்... நினைக்கவே முடியவில்லை. இதைச் சொன்னால் அம்மாவின் மனசு நோகுமோ?

பெப்ரவரி 13, வெள்ளி

வானம் சுத்தம். தொப்பி, பெல்ட், கையுறை ரெடி. மத்தியானம் அம்மாவே போன் எடுத்தாள்.

“வெள்ளன பஸ்ஸுக்கு வாறோம். சேலைக்கு மேல ஸ்வெட்டர் போட்டா அசிங்கமா இருக்குமா?”

குதித்தேன். ந.வின் கட்டில் மீது. பிறகு, இத்தனை நாள் மறைத்த கான் கதையைச் சொன்னேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்ததும் கூப்பிட்டேன்.

“அம்மா?”

“இருக்கேன், சொல்லு.”

“பெரேட் முடிஞ்சு நம்ம அந்த ரோட்டுலதான் நடந்து வருவோம். மேடத்தோட ஜீப் வரும். நான் சல்யூட் அடிப்பேன். நீ கான்ல எறங்காத. என் பக்கத்துலயே நில்லும்மா.”