பிந்தி ஊதிய சங்கு

மார்ச் 4, திங்கள்

மாப்பிள்ளையை ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். தங்கை காலையிலேயே வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, இனிமே அவருக்குப் பஞ்சுத் தூசி இல்ல. நாற்காலியில உக்கார்ற வேலை." சந்தோஷம் என்றேன். சரியாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். ஆனால் அவள் முகம் சுருங்கிவிட்டது.

சந்தோஷமாம்! எத்தனை வருடமாக இந்த மில் பாய்லருக்கு நிலக்கரி அள்ளிக் கொட்டுகிறேன்! என் முதுகு யார் கண்ணிலும் படவில்லை. இவன் மில் டீமுக்காகப் பந்தை உதைத்தான், நாற்காலி தேடி வருகிறது.

மார்ச் 6, புதன்

எழுதாமல் ஆறாது. லைன் வீடுகளுக்கு நடுவே தெருவில் ஆடிய காலத்தில் யார் பெரிய ஆட்டக்காரன்? நான். அப்போது ஆளுக்கும் கணக்கில்லை, நேரத்துக்கும் கணக்கில்லை. வந்தவன் எல்லாம் ஆடுவான். இருட்டிப் பந்து தெரியாமல் போனால் ஆட்டம் முடிந்தது. கடைசிவரை மூச்சு தாங்குகிறவன்தான் ஜெயிப்பான். இவன் அப்போது பாதியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

பிறகு மில்லில் சனிக்கிழமை அரை நாள் லீவு விட்டார்கள். சும்மா விட்டால் குடித்துக் கெட்டுப்போவோம் என்று கூடவே மைதானமும் கொடுத்தார்கள். வேலி, டிக்கெட், பூட்ஸ், பதினோரு பேர், அளந்து வைத்த நேரம். ஊருக்கெல்லாம் அரை நாள். எனக்கு இல்லை. சாயங்காலச் சங்குக்கு நீராவி வேண்டுமே! விசில்காரரின் கைக்கடிகாரத்தை நம்பாமல் ஒருமுறை அடிதடி ஆனதிலிருந்து, மில் சங்கு ஊதினால்தான் ஆட்டம் முடிவு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஆக, இவன் ஆடுவான், நான் ஊதவேண்டும்.

மார்ச் 9, சனி

ஜெயித்தார்களாம். இவன்தான் கோலாம்.

மார்ச் 12, செவ்வாய்

என் மகள் சுவரில் மாமா பந்து உதைக்கிற படம் வரைந்திருக்கிறாள். கரித்துண்டால். அந்தக் கரி நான் பாய்லரிலிருந்து கொண்டுவந்தது. வயிறு எரிகிறது. அவன் எனக்கு என்ன கெடுதல் செய்தான்? ஒன்றும் இல்லை. அதனால்தான் இன்னும் எரிகிறது.

மார்ச் 16, சனி

கோப்பை ஆட்டம். இரும்பாலைக்காரர்களோடு. நிலக்கரிக் குவியல்மேல் ஏறினால் ஜன்னல் வழியாக மைதானத்தின் ஒரு மூலை தெரியும். ஒன்றுக்குப் பூஜ்யம், இவன் போட்ட கோல். கடிகார முள் சங்கு நேரத்துக்கு வந்துவிட்டது. கை சங்குக் கயிற்றில் இருந்தது. நான் இழுக்கவில்லை.

இரும்பாலைக்காரன் ஒரு கோல் போடட்டுமே, இவன் தலையைத் தொங்கப்போட்டு வரட்டுமே என்றுதான். வேறு எதற்கு?

பெரிய கூச்சல். அடுத்த கோலும் இவனேதான். ஆனால் போட்ட வேகத்தில் கோல்கீப்பர் இவன் முழங்கால்மேல் விழுந்துவிட்டான். அதற்குப் பிறகுதான் ஊதினேன்.

மார்ச் 17, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். முழங்கால் பானை மாதிரி வீங்கியிருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், நான் இன்னொரு கோல் போடணும்னுதானே சங்கைப் புடிச்சு வச்சே? எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்." தங்கை அழுதுகொண்டே எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

ஆமாம்னு தலையாட்டிட்டு வந்தேனே... நானெல்லாம் ஒரு மனுஷனா?

மார்ச் 18, திங்கள்

இன்று சங்கை ஒரு நொடி பிந்தாமல் ஊதினேன்.

ஏப்ரல் 6, சனி

கால் இனி ஓடாதாம். ஸ்டோர் ரூம் ஆட்டக்காரர்களுக்கென்று வைத்திருக்கிற இடமாம். வேறு ஆலையிலிருந்து ஒருத்தனை இழுத்து வந்திருக்கிறார்கள், நாற்காலி அவனுக்கு. தேய்ந்த பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டுகிற மாதிரி. மாப்பிள்ளையை என்னிடம் அனுப்பிவிட்டார்கள், உட்கார்ந்து நீராவி அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்க்க. "சொந்தக்காரன்தானே, பார்த்துக்க" என்றார் மேனேஜர்.

என் கீழே வேலை செய்கிறான். இதைத்தானே கேட்டேன்.

ஏப்ரல் 20, சனி

புது ஆள் மூன்று கோல். சத்தம் பாய்லர் இரைச்சலையும் மீறிக் கேட்டது. மாப்பிள்ளை காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அவனுக்கு இடது கால் சுத்தமா வராது மச்சான். சும்மா ஓடுறான்."

"நீ ஓடுன மாதிரி வருமா?" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவ்வளவுதான், இருவரும் சேர்ந்து அந்தப் புது ஆளைக் கிழி கிழி என்று கிழித்தோம். அவன் தலைமுடியைக்கூட விடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையோடு நான் இவ்வளவு சிரித்துப் பேசியதில்லை.

பிறகு அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "மச்சான், இன்னிக்கும் கொஞ்சம் லேட்டா ஊதேன். அவனும் ஒரு தடவை விழட்டும்" என்று கண்ணடித்தான்.

இன்னும் நேரம் ஆகவில்லை. நான் எழுந்து போய்ச் சங்கை இழுத்துவிட்டேன்.