சாம்பிளுக்கு ஒரு மலை

பிப்ரவரி 5, திங்கள்

பனி. ஹைவேயில் லாரியின் விளக்கு தெரிந்தது, லாரி தெரியவில்லை. டீமோடு சைக்கிளில் டோல்கேட் வரை போய்த் திரும்பினோம். விரல் பத்தும் மரத்துவிட்டது. வந்ததும் இட்லி, மகளுக்கு டிபன் பாக்ஸ், கம்பெனி பஸ்.

மதியம் மீட்டிங். பொருள்: சைக்கிள் டீமுக்குப் பயிற்சி முகாம் எங்கே வைப்பது. மார்ச் பத்தாம் தேதி ஏற்காட்டில் பந்தயம், ஷூ கம்பெனிப் பெண்களுக்கு மட்டும். அடிவாரத்தில் புறப்பட்டு மேலே ஏறி, திரும்ப இறங்கி அடிவாரத்தில் முடியும்.

கமிட்டி: ஒன்று, நந்தகுமார் சார், மெர்ச்சண்டைசிங் மேனேஜர். இனி ந.கு. என்று எழுதினால் போதும், முழுப் பெயருக்கு மை வீண். இரண்டு, ஹெலன் மேடம், வெல்ஃபேர் ஆபீசர். இரண்டு பேருக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ந.கு. கடைசியாக மிதித்தது அவர் காரின் ஆக்சிலேட்டரை.

முகாமுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் "ஸ்பிரிங் கேம்ப்". ஆம்பூரில் ஸ்பிரிங் என்பது ஷூவுக்கு மட்டும்தான் உண்டு, ஸ்பிரிங்-சம்மர் கலெக்‌ஷன். மனிதர்களுக்குப் பனி, அது முடிந்தால் நேராக வெயில்.

நான் ஏலகிரி என்றேன். பக்கத்தில் இருக்கிறது. பதினான்கு வளைவு. ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு. டீ ஆறுவதற்குள் முடிய வேண்டிய விஷயம்.

ந.கு.: "அப்டிலாம் ஸ்ட்ரெய்ட்டா பல்க்குக்குப் போக முடியாதுமா. மொதல்ல சாம்பிள் பாக்கலாம். சாம்பிள் ஓகே ஆனாதான் பல்க்."

நான் சாம்பிள் ரூமில்தான் தைக்கிறேன். வெளிநாட்டு பையர் படம் அனுப்புவான், நாங்கள் ஒரு ஷூ தைத்து அனுப்புவோம், அவன் வளைத்துப் பார்ப்பான், மோந்து பார்ப்பான், திருப்பி அனுப்புவான், மறுபடி தைப்போம். அவன் ஓகே சொன்ன பிறகுதான் ஆயிரக்கணக்கில் லைனில் ஓடும். ஷூவுக்கு அது சரி. மலைக்குமா?

"மல எங்கயும் போவாது சார்" என்றேன். ஹெலன் மேடம் சிரித்தார். ந.கு. சிரிக்கவில்லை. ஜவ்வாது மலை, ஏலகிரி, பாண்டிச்சேரி, மூன்றுக்கும் சாம்பிள் பயணம் என்று முடிவானது. பாண்டிச்சேரியில் என்ன மலை இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

வாங்க: உளுந்து, சேஃப்டி பின், டியூப் பேட்ச்.

பிப்ரவரி 8, வியாழன்

ஜவ்வாது மலை சாம்பிள். காலை ஆறுக்கு வேன். ஓட்டுகிற நாங்கள் நான்கு பேரும் வரவேண்டுமாம், "யூசர் ஃபீட்பேக்". சைக்கிள் மட்டும் வரவேண்டாம். "சாம்பிளுக்கு எதுக்குமா சைக்கிள்?"

நான்கு பேர்: நான், வயது காரணமாகக் கேப்டன். பேக்கிங் ஷாஹீன், பேசாமல் மிதிப்பாள். அச்சில் தோல் இழுக்கும் லாஸ்டிங் ஜெயந்தி, நன்றாக மிதிப்பாள், அடிக்கடி ஜுரம். தையல் லைன் ரேவதி, காரணமில்லாமல் சிரிப்பாள். பனி என்றாலும் சிரிப்பு, பஞ்சர் என்றாலும் சிரிப்பு. இவளை யார் டீமில் எடுத்தது?

மேலே போனதும் ந.கு. முதலில் செய்தது போனைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றியது. சிக்னல் இல்லை. சாம்பிள் ரிஜெக்ட். வந்த வேலை அத்துடன் முடிந்தது. மீதிப் பொழுது சாமை சோறு விற்கும் கடை தேடியே போனது.

ரோடு நன்றாக இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

திரும்பும்போதுதான் தெரிந்தது, இன்றைய நாள் ஓ.டி., அதாவது ஆன்-டியூட்டி கணக்கில் போகிறது. முகாமுக்கு என்று கம்பெனி கொடுத்ததே ஐந்து நாள். அதில் ஒன்று சிக்னல் தேடப் போயிற்று.

பிப்ரவரி 11, ஞாயிறு

பனி குறைவு. வீட்டில் இவர் இன்றும் ஆரம்பித்தார். "அஞ்சு மணிக்கு நீ ரோட்ல சுத்தினா இங்க எவன் மாவு கரைக்கிறது?" கரைத்து வைத்துவிட்டுத்தான் போனேன். மூடியைத் திறந்து பார்க்கிற வேலைகூட ஆகாது அவருக்கு.

டைரக்டர் சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. முதல் மூன்று இடத்தில் வராவிட்டால் டீம் கலைப்பு. சைக்கிள்கள் ஸ்டோருக்குத் திரும்பும். ஹெலன் மேடம் அதை போனஸ் அறிவிப்பு மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னார்.

எனக்கு மெடல் வேண்டாம், கப்பும் வேண்டாம். ஐந்திலிருந்து ஆறரை வரை என்னை யாரும் கூப்பிடாத நேரம் அது. அம்மா இல்லை, மருமகள் இல்லை, "ஏய் ஷீலா, அந்த லைனிங் ஆச்சா" இல்லை. முப்பத்தெட்டு வயதில் கிடைத்தது. அதை ஸ்டோர் ரூமில் சங்கிலி போட்டு வைப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

மகளுக்கு இருமல். கஷாயம்.

பிப்ரவரி 14, புதன்

ஏலகிரி சாம்பிள். சைக்கிள் இல்லாமல்தான். வேனிலேயே ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் ஒரு புலவர் பெயர்ப் பலகை. ந.கு. எல்லாவற்றையும் உரக்கப் படித்தார், பாதியைத் தப்பாக.

மேலே ரிசார்ட்டில் ஆய்வு நடந்த விதம்: நீச்சல் குளம் பார்த்தல். மெனு கார்டு பார்த்தல். மெத்தையை அமுக்கிப் பார்த்தல், தோல் அமுக்குகிற மாதிரியே கட்டை விரலால். சிக்கன் பிரியாணி இரண்டு பிளேட் வரவழைத்து, "ஆம்பூர்க்காரங்களுக்கு இத குடுக்கிறியேப்பா" என்று சர்வரிடம் சண்டை.

இறங்கும்போது அவருக்குத் தூக்கம், எல்லோருக்கும் தூக்கம். நானும் கண்ணை மூடிக்கொண்டேன், டிரைவர் ஓட்டிய லட்சணம் அப்படி.

சாம்பிள் ரூமில் ஒரு கால் ஷூதான் தைப்போம். தோல் மிச்சம், நேரம் மிச்சம். இன்னொரு கால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ந.கு. மலையையும் அப்படியே பார்த்து முடித்தார்.

ஓ.டி.யில் இன்னொரு நாள் காலி. மீதி மூன்று.

பிப்ரவரி 16, வெள்ளி

ந.கு. இன்றைக்கே பாண்டிச்சேரிக்குக் கிளம்பிவிட்டார், மூன்றாவது சாம்பிளுக்கு. மனைவி, இரண்டு பிள்ளைகள், மச்சான் குடும்பம் உட்பட. எங்கள் ஓ.டி.யைத் தொடவில்லை, அந்த மட்டும் புண்ணியம். ஹெலன் மேடத்திடம் கேட்டேன், மலைப் பந்தயத்துக்குக் கடற்கரையில் பயிற்சியா?

"காத்து இருக்குமேமா. எதிர்க்காத்துல ஓட்டினா மலை மாதிரிதான்னு சார் சொல்றாரு."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. மேடத்துக்கு முன்னால் சொல்லவில்லை. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

நாளை மறுநாள் ஞாயிறு. யார் அனுமதியும் வேண்டாம், நாங்களே ஏலகிரிக்கு ஓட்டிப் போகிறோம். ரேவதி "ஹை" என்றாள். இவளுக்கு எல்லாமே பிக்னிக்.

பிப்ரவரி 18, ஞாயிறு

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

இருட்டில் கிளம்பினோம். வாணியம்பாடி தாண்டும்போது வெளிச்சம். அடிவாரத்தில் டீ. கடைக்காரர் பக்கத்து ஆளிடம்: "இன்னாபா இது, பொம்பளைங்க ஹெல்மெட்டு போட்டுக்கினு மல ஏறுதுங்க." அந்த ஆள்: "வூட்ல ஆம்பள இல்லியா இன்னா."

ஏறினேன். இதுவரை இப்படி ஏறியதில்லை. ஐந்தாவது வளைவில் ஜெயந்தி பின்தங்கினாள், அடுத்து ஷாஹீன். பாதி மலையில் ரேவதியின் சத்தமும் நின்றது. மேலே முதலில் போய்ச் சேர்ந்தது நான். வெகுநேரம் காத்திருந்தேன். ந.கு. இப்போது இங்கே நின்று பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

பிறகு இறக்கம்.

முதல் வளைவில் திரும்பினேன். ரோடு இல்லை, எதிரே வெறும் ஆகாயம், கீழே எங்கேயோ வாகனம். கை பிரேக்கைப் பிடித்தது பிடித்ததுதான். கால் தரையில் ஊன்றிவிட்டது. ஹைவேயில் எத்தனையோ மாதமாக ஓட்டுகிறேன், இப்படி ஒன்று எனக்குள் இருப்பது தெரியாது. மலையை நானும் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ரேவதி பக்கத்தில் வந்து நின்றாள். "இன்னாக்கா?"

"செயின் கழண்டுடுச்சி. நீங்க போங்க, நான் மாட்டினு வர்றேன்."

போனார்கள். ரேவதி சிரித்துக்கொண்டே இறங்கினாள், வளைவில் உடம்பைச் சாய்த்து, வீட்டு வாசலில் தண்ணீர் தெளிக்கிற சுளுவாக.

நான் காலி கேஸ் சிலிண்டர் ஏற்றிய குட்டியானை வண்டியை மறித்தேன். டிரைவர்: "எறக்கத்துக்கா வண்டி கேக்கற? எல்லாரும் ஏத்தத்துக்குதாம்மா கேப்பாங்க." சிலிண்டர்களுக்கு நடுவே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தேன். கடைசி வளைவுக்கு முன்னாலேயே இறங்கி, அடிவாரம் வரை தள்ளிக்கொண்டு வந்தேன், அவர்கள் பார்க்கக் கூடாது என்று.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இந்த மாதம் முழுக்க ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் ஏசியாயிற்று.

பிப்ரவரி 19, திங்கள்

கேன்டீனில் வைத்து முடிவு. ந.கு. முகம் கறுத்து, மூக்கு உரிந்து, கடல் காற்று பட்ட களையோடு வந்தார். பாண்டிச்சேரி சாம்பிள் ஓகே. ஏலகிரியும் ஓகே. இரண்டில் ஒன்று, மூன்று நாள். "டைரக்டர் கேப்டன்ட்ட கேக்கச் சொல்லிட்டாரு. நீயே சொல்லுமா."

இரண்டு வாரமாக இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

ஷாஹீன் மெதுவாக: "நான் கடல் பாத்ததே இல்லக்கா." ஜெயந்தி: "எனக்கும் கடல்தான்." ரேவதி ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டு, "அக்கா இன்னா சொல்லுதோ அதான்" என்றாள்.

நான் சொன்னது: "பாண்டிச்சேரியே பெட்டர் சார். மொதல்ல ஸ்டாமினா வரணும்."

ந.கு.வுக்கு வாயெல்லாம் பல். "நான் சொல்லல? எதிர்க்காத்து." ஹெலன் மேடம் கை தட்டினார். ஷாஹீன் என் கையைப் பிடித்து அழுத்தினாள். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற ரேவதி மட்டும் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

நான் செய்ததற்கு வேறு பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. கோழைத்தனம்தான். ந.கு. முட்டாள், ஆனால் அவர் பொய் சொல்லவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

வெயில் ஆரம்பம். பகலில் ஃபேன்.

இவர்: "பாண்டியா? போய்ட்டு வா. வரும்போது கருவாடு வாங்கினு வா." மலை என்றபோது ஒரு வாரம் முகம் தூக்கியவர்.

எடுக்க: துண்டு, தேங்காய் எண்ணெய், பம்ப், மகளுக்கு மூன்று நாள் யூனிஃபார்ம் இஸ்திரி. தூக்கம் சரியில்லை.

பிப்ரவரி 24, சனி

பாண்டிச்சேரி. காலையிலேயே புழுக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டினோம். வழுவழுப்பு, நேர்கோடு, ஒரு குழந்தைகூட ஓட்டும். எதிர்க்காற்று என்று பெரிதாகச் சொன்னது எங்கள் முதுகில் அடித்தது.

ஷாஹீன் கடலில் கால் வைத்தாள். புர்காவின் ஓரம் நனைந்ததைக்கூடக் கவனிக்காமல் நின்றாள். அதைப் பார்க்க நன்றாக இருந்தது, அதில் பொய் சொல்லமாட்டேன்.

ந.கு. அரை டிராயரில் போட்டோ எடுத்தார். மாலை ஆறுக்குப் போய் அறைக் கதவைச் சாத்தியவர், பிறகு சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. பாண்டிச்சேரி சாம்பிள் எப்படி ஓகே ஆனது என்பது இப்போது விளங்குகிறது.

பிப்ரவரி 25, ஞாயிறு

விடியும் முன் ரேவதி எழுப்பினாள். மற்றவர்கள் தூக்கம்.

"வாக்கா. ரயில் கேட்டுப் பக்கம் மேம்பாலம் ஒண்ணு இருக்குது. ஏறி எறங்கி பாக்கலாம்."

"எதுக்குடி?"

"அன்னிக்கி செயின் மாட்டினேன்னியே. கீழ வந்தப்ப உன் கை சுத்தமா இருந்துச்சி."

செயினைத் தொட்டவள் கை கறுப்பாகும். அதைக்கூட யோசிக்கவில்லை நான். அவள் பார்த்திருக்கிறாள், அத்தனை நாளாக யாரிடமும் வாய் திறக்கவில்லை. எனக்கு அவமானத்தில் முகம் கொதித்தது. செருப்பை மாட்டினேன்.

பாலத்தில் மீன் கூடைக்காரர்கள் மட்டும். ஏறினோம். இறங்கும்போது என் விரல்கள் பிரேக்கில். இவ்வளவு சின்னச் சரிவுக்கு. ஹைவே பாலங்களிலும் இப்படித்தான் இறங்கியிருப்பேன் போலும், லாரிக்குப் பயந்து பிடிப்பதாக நினைத்துக்கொண்டு.

"கீழ பாக்காதக்கா. என் ஜடைய மட்டும் பாத்துக்கினு வா."

மறுபடி ஏறினோம், மறுபடி இறங்கினோம். ஒரு தடவை பாதிச் சரிவில் விரலை எடுத்தேன். காற்று காதில் அடித்தது. அடுத்த தடவை திரும்பவும் பிடித்துவிட்டேன். வெயில் ஏறும் வரை இதேதான். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

திரும்பி வந்ததும் ந.கு. அறைக் கதவைத் தட்டினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். உள்ளேயிருந்து வந்த வாசனையைப் பற்றி எழுதவில்லை.

"சார், நாளைக்கி ஏலகிரி போவணும். எனக்கு எறக்கம்னா பயம். அதான் அன்னிக்கி பாண்டின்னு சொன்னேன். என் தப்பு."

"ஏம்மா, ஓகே ஆன சாம்பிள நடுவுல மாத்தினா..." என்று இழுத்தார். ஹெலன் மேடம் எதிர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். ஷாஹீனும் ஜெயந்தியும் பின்னால் நின்றார்கள், எல்லாம் காதில் விழுந்திருக்கும். விழட்டும்.

கடைசியில் அவரே வேன் டிரைவருக்கு போன் போட்டார். முனகிக்கொண்டுதான், ஆனால் போட்டார்.

ஷாஹீன் மதியம் வரை என்னோடு பேசவில்லை. பிறகு வந்து என் பையை மடித்துக் கட்டிக் கொடுத்தாள்.

நாளை ஏலகிரி. மேலே வரை வேனில். இறங்குவது மட்டும் சைக்கிளில். பயமாகத்தான் இருக்கிறது.