சோதனைக்குப் போன வெந்நீர்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சௌக்கியம் என்கிற வரியைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், ஏன் என்று படித்தால் தெரியும்.

குழாய்த் தண்ணீரில் நகப்பூச்சு அழிக்கிற மருந்து வாடை வருகிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா, தெருக்கோடிப் பட்டறையில் இரும்புச் சாமான்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுகிற ரசாயனம் மண்ணில் இறங்கியிருக்கும், சோதித்துப் பாருங்கள் என்று நீ சொன்னாய், நானும் ஆய்வகத்து ஆளை வரவழைத்தேன். அவர் தெருவில் வீட்டுக்கு வீடு இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பி கொடுத்து, குழாயிலிருந்து நேராக விளிம்பு வரைக்கும் பிடியுங்க, குமிழி கூட இருக்கக் கூடாது, இது காத்துல பறந்துபோற சரக்கு என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு, மறுநாள் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போனார். உன் அப்பா தெருச் சங்கத் தலைவர் அல்லவா, நாலு பேர் பாக்கப்போற தண்ணிய நாத்தத்தோடயா குடுக்கறது, தெரு மானம் என்ன ஆகும் என்று, நான் உன் தங்கையை மருத்துவரிடம் கூட்டிப்போன நேரத்தில் கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டி, ஆறவைத்து ஊற்றியிருக்கிறார். அதோடு விட்டாரா, வீடு வீடாகப் போய் அப்படியே செய்யச் சொல்லியிருக்கிறார். தெரு முழுக்கத் தண்ணீர் சுத்தம் என்று முடிவு வந்தது. பட்டறை முதலாளி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டிவிட்டார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா, நாங்க ரெண்டு தடவை கொதிக்க வச்சோமாக்கும் என்று பெருமைப்பட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

பிறகு நானே குழாயில் நேராகப் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த ரசாயனம், இருக்கலாம் என்கிற அளவைப் போலப் பதின்மூன்று மடங்கு. உன் அப்பாவோ, சட்டம் போட்டு மாட்டினத எப்படிடி பொய்ன்னு சொல்றது என்கிறார். உன் தங்கை ஆறு மாதக் கர்ப்பிணி, இத்தனை நாள் குடித்ததும் இந்தத் தண்ணீர்தான். முடிவு வந்த அன்று முதல் உன் அப்பா காலையில் நடக்கப் போகிறேன் என்று பெரிய பையோடு கிளம்பினார். வியாழக்கிழமை பின்னாலேயே போனேன். நாலு தெரு தள்ளி நல்ல தண்ணீர்க் குழாயடியில், பைக்குள் குடத்தை ஒளித்துக்கொண்டு நம் தெருவே வரிசையில் நிற்கிறது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. முதல் ஆள் பட்டறை முதலாளியின் டிரைவர், நாலு கேனோடு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இத்தனை பேர் வேண்டியிருக்கிறது.

எல்லோரும் ஒரே இடத்தில் கிடைத்தார்களே என்று அங்கேயே என் சோதனை முடிவை வாசித்துக் காட்டி, பட்டறை மேல் எழுதி வைத்திருந்த புகார் மனுவை நீட்டினேன். யாரும் கை நீட்டவில்லை. உன் அப்பாதான் வந்து பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே, முதல் சோதனைக்குத் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னது நான்தான் என்றும் எழுதினார். பிறகு தையல்காரம்மா போட்டாள்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். அங்கேயும் தண்ணீரைச் சோதித்துப் பார், மானம் பார்க்கிற ஆள் யாரையும் குப்பி பக்கம் விடாதே. நானும் அப்பாவும் சௌக்கியம். உன் தங்கையும் சௌக்கியம். வயிற்றில் இருப்பதைப் பற்றி மட்டும் எழுதத் தெரியவில்லை.

அன்புடன்,
அம்மா