ரூத் தனியாக நின்ற வருஷம்

11 ஜனவரி 1999, பிளானோ, டெக்சஸ்
ஏழு மணிக்கு இவர் ஆபீஸ் கிளம்பினால், அடுத்த மனிதக் குரலைக் கேட்க இரவு எட்டாகிறது. ஈரோட்டில் நான்கு வருஷம் டீச்சராக இருந்தவள் நான். இந்த விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. லைப்ரரியில் சம்பளமில்லாத வேலை ஒன்று கேட்டு வாங்கினேன். ஊர்ப் பெரியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பேசிப் பதிந்த கேசட்டுகளைக் கேட்டு டைப் செய்ய வேண்டும்.

19 ஜனவரி
எனக்குக் கிடைத்தது ஒடெஸா விட்ஃபீல்டின் கேசட்டுகள். கறுப்பின மக்களின் உரிமைக்காக டெக்சஸ் முழுக்கப் போராடியவர். பருத்திக்காட்டில் கூலி வேலை செய்த குடும்பம். படித்து டீச்சரானார். ஐம்பதுகளின் கடைசியில், "உரிமைச் சங்கத்தில் நான் இல்லை" என்று பள்ளி நிர்வாகம் கையெழுத்துப் போடச் சொன்னபோது மறுத்தார், வேலை போனது. அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்கிறது, மார்ச்சில் அவருக்காக நடக்கப்போகும் கூட்டத்துக்கான லைப்ரரி நோட்டீஸ்.

2 பிப்ரவரி
மூன்றாவது கேசட். சரியாகத்தான் கேட்டேனா?
"முதல் வருஷம் நான் கையெழுத்துப் போட்டேன். ரூத் போடவில்லை."
ரூத் பக்கத்து வகுப்பு டீச்சர், கைக்குழந்தைக்காரி. வேலை போய், ஊரை விட்டும் போனாள். அவளுடைய வகுப்பையும் ஒடெஸாதான் நடத்தினார். அடுத்த வருஷம் அதே தாள் வந்தபோது பேனாவைத் தொடவில்லை. அதற்குள் ரூத் இறந்துவிட்டாள்.

இவரிடம் சொன்னேன். "சரி, அதுக்கு நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?" என்றார். டிவியை விட்டுக் கண் எடுக்கவில்லை.

9 பிப்ரவரி
ஒடெஸாவே லைப்ரரிக்கு போன் செய்தார். "அந்தப் பகுதியை எடுத்துவிடம்மா. ரூத்தின் மகள் லொரெய்ன், நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்தே மறுத்ததாக நினைக்கிறாள். என்னைப் பார்க்க வருகிறவள் அவள் ஒருத்திதான்."
சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எடுத்துட்டா, ரூத் தனியா நின்னதே இல்லாமப் போயிடுமே மேடம்?"
போனை வைத்துவிட்டார்.
ஐயோ, எனக்கு எதுக்கு இது? வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியல பாரு.

16 பிப்ரவரி
போன் வரவில்லை.

4 மார்ச்
"எடுக்க வேண்டாம். கூட்டத்தில் நானே வாசிக்கிறேன்." ஒடெஸா போனில் அவ்வளவுதான் சொன்னார்.

27 மார்ச்
நாற்பது பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் லொரெய்ன். ஒடெஸா கையெழுத்துப் போட்ட பகுதியைப் பாதி வாசித்தபோது லொரெய்ன் எழுந்து வெளியே போய்விட்டார். ஒடெஸா ஒரு கணம் கதவைப் பார்த்தார் – பிறகு கடைசி வரி வரை வாசித்தார். முடிந்ததும் எல்லாரும் கேக் மேஜைப் பக்கம் கூடி நின்றார்கள். அவர் அருகில் யாரும் போகவில்லை. நான் போய் உட்கார்ந்தேன்.
நான்தான் கெடுத்துட்டேனா?

20 ஏப்ரல்
லொரெய்ன் லைப்ரரிக்கு வந்தார். "அம்மாவைப் பற்றிச் சொல்கிற கேசட் வேண்டும்" என்றார். ஹெட்போனோடு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் வந்து, "இங்கேயிருந்து ஒரு போன் பண்ணலாமா?" என்றார்.
எண்ணை அவரே அழுத்தினார். "ஒடெஸா, நான்தான்" என்பது காதில் விழுந்தது. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன்.