குடிக்காமல் வைத்த மோர்

நங்கையா, இன்று காலை மோர் கடைந்து கொத்தமல்லி கிள்ளிப் போட்டேன். அந்த வாசனையோடு நீங்களும் நினைவில் வந்துவிட்டீர்கள். சரியான நேரத்தில்தான் வந்தீர்கள். நேற்று என் மகன் ஓட்டிய கார் ஒரு சைக்கிள்காரரை இடித்து, பாவம், அவருக்குக் கால் முறிந்துவிட்டது. "நம்ம டிரைவர் ஓட்டுனதாச் சொல்லீரலாம்மா. அவருக்கும் கொஞ்சம் குடுத்தா முடிஞ்சுது" என்றான். என்னிடம்! உங்கள் நாத்தனாரிடம்!

தொண்ணூறுகளில் காங்கேயத்தில் எண்ணெய் மில்காரர் மகன், உங்கள் வீட்டுக்காரரான என் அண்ணன்மேல் ஜீப்பை ஏற்றினான். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். ஓட்டியது அந்தப் பையன்தான் என்று அண்ணன் கண்ணால் பார்த்துச் சொன்னார். ஸ்டேஷனில் போய் நின்றதோ மில் டிரைவர். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க நீங்கள் வீட்டுக்கு வந்த அன்று, பழத்தட்டும் பணக்கட்டுமாக மில்காரர் வந்தார். உங்கள் காலில் விழ வைக்க அந்த டிரைவரையும் கூட்டிவந்தார். பெரிய மனுசன் செய்த தப்பு அதுதான்.

வாசலோடு துரத்துவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ, "வாங்க, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, மோர் குடிங்க" என்றீர்கள். ஆகாதவரே ஆனாலும் வீடேறி வந்தவருக்கு மோர் கொடுக்காமல் பேச்சைத் தொடங்குகிற வழக்கம் நம் ஊரில் ஏது? மில்காரர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "கேசுன்னு அலைஞ்சா உங்களுக்குத்தான் சிரமம் அம்மணி, இத வெச்சுக்குங்க" என்று தட்டை நகர்த்தினார்.

நீங்கள் தட்டைப் பார்க்கவே இல்லை. சுவரோரம் நின்ற டிரைவரிடம் டம்ளரை நீட்டினீர்கள். "குடிங்ணா. குடிச்சுப்போட்டுச் சொல்லுங்க. வண்டிய நீங்களா ஓட்டுனீங்க?"

டம்ளர் வாய்வரை போனது. குடிக்காமலே கீழே இறங்கியது. "இந்த ஊட்டு மோரக் குடிச்சுப்போட்டு எப்படீங்க பொய் சொல்றது? நான் வண்டியிலயே இல்லீங்க" என்று அழுதுவிட்டார்.

மில்காரர் எழுந்தார். தட்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தீர்கள். "காசு வேண்டாமுங்க. எங்கூட்டுக்காரரு கால எடுத்தது ஆருன்னு உங்க பையன் வாயால கோர்ட்டுல சொல்லோணும். அவ்வளவுதானுங்க." ஆத்தாடி, எனக்குப் புல்லரித்துப்போனது.

வாய்தா வாய்தாவாக இழுத்தடித்தார்கள். அண்ணன் ஊன்றுகோலோடு, நீங்கள் சோற்றுத் தூக்குப்போசியோடு, விடாமல் போனீர்கள். வேலை போன பிறகும் டிரைவர் சொல் மாறவில்லை. கடைசியில் அந்தப் பையன் கூண்டில் நின்று, "நாந்தானுங்க" என்றான். கிடைத்த தண்டனை சின்னதுதான். ஆனால் கோர்ட்டு வாசலில் நீங்கள் நிமிர்ந்து நின்றீர்களே! "போன கால் வராது கண்ணு. ஆனா உங்கண்ணன் சொன்னது பொய்யின்னு இனி ஒருத்தரும் சொல்ல முடியாது" என்றீர்கள். அன்றைக்கு ஊர் முழுக்க, "எங்க நங்கையா" என்று சொல்லிச் சொல்லித் திரிந்தேன்.

அதே மாதிரிதான் இன்று என் மகனிடம் மோர் டம்ளரை நீட்டினேன். "வைத்தியச் செலவு நாம பாக்கோணும் சாமி, அது வேற. இதக் குடிச்சுப்போட்டுச் சொல்லு. வண்டிய ஆரு ஓட்டுனது?"

டம்ளரை வாங்கினான். பிறகு குடிக்காமல் கீழே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினான். "ஸ்டேஷனுக்கு நீயும் வாரியாம்மா?"

போய்ச் சொல்லிவிட்டு இப்போதுதான் திரும்பினோம், நங்கையா. மோர் புளித்துப்போயிருந்தது. அதையே குடித்தான்.